தூரத்துச் சப்ளையரா, பக்கத்துச் சப்ளையரா, இருவருமா?

ஒரு பாகத்தை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும். முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, கடல் தாண்டி வெகு தொலைவில் இருக்கும் பெரிய தொழிற்சாலை. விலை குறைவு, சரக்கு வந்து சேர ஆறேழு வாரம் ஆகும். இரண்டாவது, பக்கத்து நாட்டுத் தொழிற்சாலை. லாரியில் ஏற்றினால் ஒரு வாரத்தில் வந்துவிடும், ஆனால் விலை 12 சதவீதம் கூடுதல். மூன்றாவது, ஆர்டரை இருவருக்கும் பிரித்துக் கொடுப்பது.

இந்த முடிவு பெரும்பாலும் ஓர் எக்செல் ஷீட்டில்தான் எடுக்கப்படுகிறது. பாகத்தின் விலை, கப்பல் வாடகை, காப்பீடு, சுங்கத் தீர்வை, துறைமுகக் கட்டணம், லாரி வாடகை, கடைசியில் கூட்டுத்தொகை. எது குறைவோ அதற்கு ஆர்டர் போகிறது. ஷீட்டில் தப்பில்லை. ஒரு நெடுவரிசை மட்டும் அதில் இருப்பதில்லை: வருவதாகச் சொன்ன தேதிக்கும் உண்மையில் வந்த தேதிக்கும் உள்ள இடைவெளி. விலைக்கு முன்னால் நான் கேட்பது அதைத்தான். ஏன் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

45 நாளா, 25 நாளா?

தினமும் 100 பாகம் செலவாகிறது என்று வையுங்கள். ஒரு நாள் 80, ஒரு நாள் 120 என்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 20. தூரத்துச் சப்ளையரின் லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேரும் காலம்) சராசரி 45 நாள். ஆனால் 45 என்பது வெறும் சராசரி. சில சமயம் 35 நாளில் வரும், சில சமயம் 55 ஆகும். அதன் திட்ட விலக்கம் 10 நாள்.

இருபது ஆர்டரில் பத்தொன்பது தடவையாவது ஸ்டாக் தீராமல் இருக்க எவ்வளவு கூடுதல் இருப்பு வேண்டும்? சேஃப்டி ஸ்டாக் எனப்படும் இந்தக் கூடுதல் இருப்புக்கு எல்லாரும் பயன்படுத்தும் சூத்திரம் இது: லீட் டைமை அன்றாடச் செலவின் விலக்க வர்க்கத்தால் பெருக்க வேண்டும், அன்றாடச் செலவின் வர்க்கத்தை லீட் டைம் விலக்கத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும், இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, 1.65ஆல் (இருபதில் பத்தொன்பது என்ற இலக்குக்கான எண்) பெருக்க வேண்டும். போட்டுப் பார்த்தால் சுமார் 1,665 பாகம் வருகிறது. பதினாறு, பதினேழு நாள் இருப்பு.

இப்போது யாரோ வந்து, “வேகமான கப்பல் இருக்கிறது, 45 நாளை 25 ஆக்கித் தருகிறேன்” என்கிறார். ஆனால் முன்னே பின்னே 10 நாள் ஆகும் வழக்கம் அப்படியே இருக்கிறது. தேவைப்படும் சேஃப்டி ஸ்டாக் 1,658. இருபது நாளைக் குறைத்தும் மிச்சம் ஏழே ஏழு பாகம்!

இன்னொருவர் வருகிறார். “45 நாளைக் குறைக்க முடியாது. ஆனால் சொன்ன தேதிக்கு மூன்று நாளுக்கு மேல் பெரும்பாலும் தப்பாது” என்கிறார். விலக்கத்தை 10க்குப் பதில் 3 என்று போடுங்கள். தேவை 542. மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

ஆறு வாரம் என்று சொல்லி ஆறு வாரத்தில் தருபவரிடம் நிம்மதியாகத் திட்டம் போடலாம். மூன்று வாரம் என்று சொல்லி இரண்டிலும் ஐந்திலும் தருபவரிடம் முடியாது.

சரி, அப்படியானால் பக்கத்து நாட்டுக்காரரிடமே போய்விடலாமா? அவருக்கு லீட் டைம் 8 நாள், விலக்கம் 1 நாள் என்று வைத்தால் சேஃப்டி ஸ்டாக் 190 போதும். வழியில் இருக்கும் சரக்கும் 4,500லிருந்து 800 ஆகிவிடும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 5,175 பாகத்தில் முடங்கிக் கிடந்த பணம் விடுபடுகிறது. ஒரு பாகத்தின் விலை 100 (எந்த நாணயமாக இருந்தாலும் சரி), இருப்பு வைக்கும் செலவு ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால், மிச்சம் ஆண்டுக்கு 1,03,500. ஆனால் 12 சதவீத விலை வித்தியாசத்தால் ஆண்டுக்கு 36,500 பாகத்துக்கு அவர் கூடுதலாகக் கேட்பது 4,38,000. இருப்புச் செலவை மட்டும் வைத்துப் பார்த்தால் தூரத்துக்காரர்தான் தெளிவாக ஜெயிக்கிறார். “பக்கத்தில் வாங்கினால் ஸ்டாக் குறையும், அதிலேயே காசு திரும்பிவிடும்” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

மிச்சம் நிற்கும் 3,34,500ஐ எது ஈடுகட்டும்? பாகம் வராத நாளின் நஷ்டம்தான். உற்பத்தி லைன் ஒரு நாள் நின்றால் 50,000 போகும் என்றால், தூரத்துச் சப்ளையரால் ஆண்டுக்கு ஏழு நாள் லைன் நின்றால்தான் பக்கத்துக்காரர் சமமாவார். ஒரு நாளுக்கு 5 லட்சம் போகும் என்றால் ஒரே நாள் போதும், பக்கத்துக்காரர் ஜெயித்துவிடுவார். அதனால் பாகங்களை விலைப்படி வரிசைப்படுத்தாமல், அது வராவிட்டால் என்ன நிற்கும் என்பதை வைத்து வரிசைப்படுத்தச் சொல்வேன். மலிவான ஒரு ரப்பர் வளையம் முதல் இடத்துக்கு வந்தாலும் வரலாம்.

ஒரே சப்ளையர்: இரண்டு தீ விபத்துகள்

2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கியில் இருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னல் தாக்கித் தீப்பிடித்தது. சில நிமிடங்களிலேயே அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் தயாரிக்கும் சுத்த அறைகளுக்குள் புகையும் ஈரமும் புகுந்துவிட்டன. ஒரு வாரம் தாமதமாகும் என்று வாடிக்கையாளர்களுக்குத் தகவல் போனது. முக்கிய வாடிக்கையாளர்கள் இருவர்: நோக்கியா, எரிக்சன்.

நோக்கியா அந்தப் பாகங்களைத் தனிக் கண்காணிப்பில் போட்டது, தினமும் நிலவரம் கேட்டது. ஒரு வாரத்தில் தீரும் விஷயமில்லை என்று தெரிந்ததும் பிலிப்ஸின் மற்ற ஆலைகளில் இடம் கேட்டு நெருக்கியது, வேறு தயாரிப்பாளர்களிடம் போனது, சில சிப்புகளின் வடிவமைப்பையே மாற்றியது. எரிக்சன் சொன்னதை நம்பிக் காத்திருந்தது. அது விழித்துக்கொண்டபோது மாற்று ஆலைகளின் கொள்ளளவு கைவிட்டுப் போயிருந்தது. அந்தப் பாகத்துக்கு அதனிடம் இரண்டாவது சப்ளையரும் இல்லை. விற்பனை இழப்பு சுமார் 40 கோடி டாலர். அடுத்த ஆண்டே எரிக்சனின் கைப்பேசித் தொழில் சோனியுடன் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்குப் போனது. இந்த ஒரு தீ மட்டுமே அதற்குக் காரணமில்லை என்றாலும் அதற்கும் அதில் பங்குண்டு.

இந்தக் கதையைச் சொல்லி “ஆகவே இரண்டு சப்ளையர் வேண்டும்” என்று முடிப்பது வழக்கம். ஆனால் இன்னொரு தீ விபத்து இருக்கிறது, அது வேறு பக்கம் இழுக்கிறது. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியாவில் ஐசின் நிறுவனத்தின் ஆலை எரிந்தது. டொயோட்டாவுக்குத் தேவையான பிரேக் அழுத்த வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. டொயோட்டா கையில் வைத்திருந்ததோ மணிக்கணக்கில் தீர்ந்துவிடும் ஸ்டாக். லைன்கள் நின்றன.

ஐசின் தன் வரைபடங்களை வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தது. அந்த வால்வை அதுவரை தொட்டே பார்த்திராத அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் களத்தில் இறங்கின. தையல் மெஷின் தயாரிக்கும் பிரதர் நிறுவனமும் அதில் ஒன்று. சில நாட்களிலேயே வால்வுகள் வரத் தொடங்கி, லைன்களும் ஓட ஆரம்பித்தன. சப்ளையர் ஒருவர்தான். ஆனால் சுற்றிலும் ஒருவரையொருவர் தெரிந்த, எழுந்து ஓடிவரக்கூடிய ஒரு கூட்டம் இருந்தது.

ஒரே சப்ளையர் போதுமா என்ற கேள்விக்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது. டை (பாகத்தைச் செய்யும் அச்சு) யாருடையது, வரைபடம் யார் கையில், தொழிற்சாலை நின்றால் அன்றைக்கே யார் உங்களுக்குப் போன் செய்வார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் இருந்தால் ஒருவரோடு இருக்கலாம். எல்லை தாண்டிய உறவுகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். நடுவில் ஒரு வர்த்தக நிறுவனம், வேறு மொழி, எட்டு மணி நேர வித்தியாசம், மின்னஞ்சலில் வரும் நல்ல செய்திகள். டொயோட்டாவுக்கு ஒரு மணி நேரக் கார் பயணத்தில் கிடைத்த உதவி, கண்டம் தாண்டி இருப்பவரிடம் கிடைக்காது.

இரண்டு சப்ளையர்: காகிதத்தில் மட்டும் இரண்டாக இருந்தால்?

இரண்டாவது சப்ளையர் சும்மா வருவதில்லை. டை இன்னொன்று செய்ய வேண்டும். மாதிரி வாங்கிச் சோதித்து ஒப்புதல் கொடுக்க மாதங்கள் ஆகும். அளவு பிரிவதால் இருவரிடமும் பேரம் பேசும் பலம் குறையும். பிறப்பிட நாடு மாறுவதால் தீர்வை மாறலாம். பொருள்குவிப்புத் தடுப்புத் தீர்வை (அநியாயமாக மலிவு விலையில் கொட்டப்படும் சரக்கின் மேல் கூடுதல் வரி) எந்த நாட்டுச் சரக்கு, யார் தயாரித்தது என்பதைப் பார்த்துப் போடப்படுவது. சப்ளையரை மாற்றிய பிறகு கஸ்டம்ஸில் நின்றுகொண்டு இதைத் தெரிந்துகொள்வது மிகவும் வலிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு பொறி இருக்கிறது. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்தபோது பாங் பா இன்னில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஹார்ட் டிஸ்க் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. ஹார்ட் டிஸ்க் உலகம் முழுவதும் தட்டுப்பாடானது. இன்னொரு ஹார்ட் டிஸ்க் தயாரிப்பாளரான சீகேட்டின் ஆலைகளில் வெள்ளம் ஏறவில்லை. “நல்லவேளை, நம்மிடம் இரண்டு சப்ளையர்” என்று நினைத்தவர்களுக்கு அது உதவியதா? முழுதாக இல்லை. சீகேட்டுக்குப் பாகம் கொடுக்கும் சிறு தொழிற்சாலைகள் அதே தண்ணீரில் நின்றன. இருவருக்கும் கீழே ஒரே அடுக்கு.

அதே ஆண்டு மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது இன்னும் விசித்திரமான ஒன்று வெளியே தெரிந்தது. காருக்குப் பளபளப்புத் தரும் ஷிராலிக் என்ற நிறமியை உலகத்திலேயே ஓர் இடத்தில்தான் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்: ஃபுக்குஷிமா பகுதியில் ஒனஹாமாவில் இருந்த மெர்க் ஆலையில். ஆலை நின்றதும் ஃபோர்டு, கிரைஸ்லர் போன்றவர்கள் சில கறுப்பு, சிவப்பு நிறங்களுக்கு ஆர்டர் வாங்குவதைக் குறைக்க வேண்டி வந்தது. அவர்களுடைய நேரடிப் பெயின்ட் சப்ளையர்கள் பல பேர். எல்லாப் பெயின்ட்டுக்குள்ளும் இருந்த நிறமி ஒன்று.

ஆகவே பிரித்துக் கொடுக்கும் முன் இரண்டு பேரிடமும் கேட்க வேண்டியது: மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறது, வழியில் எங்கே கப்பல் மாறுகிறது, எந்தக் கால்வாய் வழியாக வருகிறது. நான்கில் மூன்று ஒன்றாக இருந்தால், நீங்கள் ஒரு சப்ளையருக்கு இரண்டு இன்வாய்ஸ் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

பங்கு எவ்வளவு? 50-50 பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இருவருக்கும் நீங்கள் அரை வாடிக்கையாளர். நான் 70-30 அல்லது 80-20 பக்கம். இருபது சதவீதத்துக்குக் கீழே போனால், நெருக்கடி வரும்போது இரண்டாமவர் உங்களைக் கண்டுகொள்ள மாட்டார். அவருடைய பட்டியலில் நீங்கள் எங்கோ கீழே இருப்பீர்கள். “அவசரத்துக்கு மட்டும்” என்று பூஜ்யம் ஆர்டரோடு வைத்திருக்கும் சப்ளையர், அவசரம் வரும்போது இல்லாத சப்ளையர்.

பக்கத்து நாடு: எல்லையும் ஒரு துறைமுகம்தான்

பக்கத்தில் வாங்குவதற்கு இப்போது நல்ல காலம். 2023இல் அமெரிக்காவின் மிகப் பெரிய சரக்கு இறக்குமதி மூலமாகச் சீனாவைத் தாண்டி மெக்ஸிகோ வந்தது. ஃபேஷன் துறையில் ஸாராவின் தாய் நிறுவனமான இண்டிடெக்ஸ் ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி என்று பக்கத்து நாடுகளில் பெரும்பங்கைத் தைத்து வாங்குவது வெகுகாலமாகவே நடக்கிறது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. சீக்கிரம் மாறும் மோஸ்தர் துணிகளுக்குத்தான் பக்கத்து ஆலைகள். என்றும் விற்கும் அடிப்படை டி-ஷர்ட் மாதிரியானவை ஆசியாவிலிருந்தே வரும். அதாவது ஒரு நிறுவனமே இரண்டு வழியையும் வைத்திருக்கிறது, எந்தப் பொருளுக்கு எது என்று பிரித்து.

இந்தப் பிரிப்பு உங்களுக்கும் பொருந்துமா என்பதற்கு ஒரு கேள்வி போதும்: தேவையை எத்தனை வாரம் முன்னால் உங்களால் சரியாகச் சொல்ல முடிகிறது? பத்து வாரம் முன்னாலேயே சொல்ல முடிந்த பாகத்துக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தெரியாது என்றால் தூரத்தில் வாங்குவது சூதாட்டம். மிஞ்சும் அல்லது பற்றாது.

அப்புறம், பக்கத்து நாடு என்றாலே வரி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒப்பந்தத்தின் கீழ்த் தீர்வைச் சலுகை வேண்டுமானால் பொருள் அங்கேயே உருவானது என்று காட்ட வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கா, மெக்ஸிகோ, கனடா ஒப்பந்தத்தில் கார்களுக்குப் பிராந்திய மதிப்புப் பங்கு (காரின் மதிப்பில் அந்த மூன்று நாடுகளுக்குள் உருவாக வேண்டிய அளவு) 75 சதவீதம் என்று உயர்த்தினார்கள். அதற்கு முன்பிருந்த நாஃப்டா ஒப்பந்தத்தில் அது 62.5. பக்கத்து நாட்டுச் சப்ளையர் தூரத்து நாட்டிலிருந்து பாகத்தை வரவழைத்து நான்கு ஸ்க்ரூ மட்டும் பூட்டுகிறார் என்றால் பிறப்பிடச் சான்று நிற்காது. அதோடு, நீங்கள் தப்பிக்க நினைத்த அதே கடல் வழி அவருடைய ஸ்டாக்குக்குள் ஒளிந்திருக்கிறது.

கொட்டேஷனில் வராத நான்காவது வழி

தூரத்துச் சப்ளையரையே வைத்துக்கொண்டு, அந்த 10 நாள் விலக்கத்தை 3 ஆக்குவது. மேலே போட்ட கணக்கில் இதற்குக் கிடைத்த பலனைப் பாருங்கள்: சப்ளையரை மாற்றாமலே ஆயிரத்துச் சொச்சம் பாகம் இருப்பு குறைகிறது. என் கருத்தில் முதலில் முயல வேண்டியது இதைத்தான்.

தாமதம் எங்கே விழுகிறது என்று தேடினால், “கப்பல் லேட்” என்பது பாதிக் கதைதான். தொழிற்சாலை சரக்கை முடிக்கும் தேதி தள்ளிப்போகும். அதனால் கண்டெய்னர் கட்-ஆஃப் (துறைமுகத்தில் ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம்) தவறி அடுத்த வாரக் கப்பலுக்கு உருளும். இடைத் துறைமுகத்தில் கப்பல் மாறுமிடத்தில் ஒரு வாரம் படுக்கும். பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) ஓர் எழுத்து, இன்வாய்ஸில் ஓர் எடை ஒத்துப்போகாமல் கஸ்டம்ஸில் நாலு நாள் நிற்கும். கடைசி ஆண்டின் ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் ஐந்து தேதிகளை மட்டும் எழுதிப் பாருங்கள்: சரக்குத் தயார், கப்பலில் ஏறியது, துறைமுகம் வந்தது, கஸ்டம்ஸ் விடுவித்தது, குடோனுக்கு வந்தது. எந்த இடைவெளி அதிகம் ஆடுகிறதோ அங்கே காசு செலவழிக்கலாம். முதல் இடைவெளி, அதாவது ஆர்டரிலிருந்து சரக்குத் தயாராகும் வரை, ஆடினால், மாதம் ஒரு முறை பெரிய ஆர்டருக்குப் பதில் வாரா வாரம் உறுதிசெய்யும் அட்டவணை. இரண்டாவதும் மூன்றாவதும் ஆடினால், வாடகை கொஞ்சம் கூடினாலும் வழியில் கப்பல் மாறாத நேரடிச் சேவை. நான்காவது, துறைமுகத்திலிருந்து கஸ்டம்ஸ் விடுவிக்கும் வரை, ஆடினால், எச்.எஸ். கோடுக்கு (பொருளின் சுங்க வகைப்பாட்டு எண்) முன்கூட்டியே சுங்கத் துறையின் தீர்ப்பு வாங்கி வைப்பதும், கப்பல் வரும் முன்னே ஆவணம் தாக்கல் செய்வதும். உலக வணிக அமைப்பின் வர்த்தக எளிமைப்படுத்தல் ஒப்பந்தம் 2017 பிப்ரவரியில் அமலுக்கு வந்தபின் இந்த இரண்டு வசதியும் பல நாடுகளில் கிடைக்கின்றன, கேட்பவர்கள்தான் குறைவு.

இதனாலும் தீராத தாமதம் உண்டு. 2023 டிசம்பரில் செங்கடல் தாக்குதல்களால் பெரிய கப்பல் நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது ஆசியாவிலிருந்து வட ஐரோப்பாவுக்குச் சுமார் பத்து நாள் கூடியது. அதே சமயம் மழை பொய்த்து, கால்வாய்க்குத் தண்ணீர் தரும் கட்டூன் ஏரி வற்றியதால், வழக்கமாக நாளுக்கு 36 கப்பல் போகும் பனாமா கால்வாயில் 2024 தொடக்கத்தில் 24தான் போக முடிந்தது. இந்த மாதிரி நாட்களுக்கு ஸ்டாக்தான் மருந்து, ஆனால் எல்லாப் பாகத்துக்கும் இல்லை. 2011க்குப் பிறகு டொயோட்டா தன் சப்ளையர்களைச் சில சிப்புகளுக்கு மட்டும் இரண்டு முதல் ஆறு மாத இருப்பு வைக்கச் சொன்னது. 2021இன் சிப் தட்டுப்பாட்டில் மற்றவர்கள் நின்றபோது அது அதிக காலம் தாக்குப்பிடித்ததும், அந்த ஆண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியை வெட்ட வேண்டி வந்ததும் இரண்டும் உண்மை. ஸ்டாக் வாங்கித் தருவது நேரம். அந்த நேரத்தில் வேறு வழி தேடாவிட்டால் ஸ்டாக்கும் தீரும்.

விமானத்தைப் பற்றிச் சுருக்கமாக: அதை நிரந்தர வழியாக ஒப்பிட வேண்டாம். ஒரு கன மீட்டர் சரக்குக்கு விமானத்தில் குறைந்தது 167 கிலோவுக்கு வாடகை கட்ட வேண்டும், சரக்கு பஞ்சாக இருந்தாலும். புதுப் பாகத்தின் முதல் தொகுதிக்கும், ஸ்டாக் தீரப்போகும் வாரத்துக்கும் அதை வைத்துக்கொள்ளலாம். ஆண்டு பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு தொகையை முன்பே ஒதுக்கிவிட்டால், நெருக்கடியில் யாரிடம் அனுமதி வாங்குவது என்று அலைய வேண்டியதில்லை.

எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்., டி.டி.பி.: யார் தலையில் எது

சப்ளையரை முடிவு செய்த கையோடு அவர் அனுப்பும் இன்வாய்ஸில் இருக்கும் மூன்றெழுத்தை அப்படியே ஒத்துக்கொள்வது பலருக்குப் பழக்கம். பேரம் பேசிக் குறைத்த இரண்டு சதவீதம் அதிலேயே போய்விடும்.

இன்கோடெர்ம்ஸ் என்பவை வாங்குபவர், விற்பவர் யார் எதுவரை பொறுப்பு என்று சொல்லும் சர்வதேச வணிக விதிகள். அதன் 2020 பதிப்பில் பதினோரு விதிகள் இருந்தாலும் நடைமுறையில் நான்கைந்துதான் புழங்குகின்றன. எஃப்.ஓ.பி.யில் விற்பவர் கப்பலில் ஏற்றித் தருவதோடு சரி, வாடகையும் காப்பீடும் உங்கள் பாடு. சி.ஐ.எஃப். இறக்குமதியாளருக்குச் சௌகரியமாகத் தோன்றும்: வாடகையும் காப்பீடும் விற்பவர் கட்டுகிறார், சரக்கு நம் துறைமுகத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் அபாயம் அவருடைய துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய நொடியிலேயே உங்களுக்கு மாறிவிடுகிறது. நடுக்கடலில் என்ன நடந்தாலும் உங்கள் சரக்கு, அவர் தேர்ந்தெடுத்த கப்பல். அவர் எடுக்கும் காப்பீடும் குறைந்தபட்ச வகையாக இருந்தால் போதும். திருட்டுக்கும் கடல்நீர் புகுந்து நனைவதற்கும் அதில் இழப்பீடு கிடையாது. வாடகையில் மிச்சம் பிடிக்க அவர் இரண்டு துறைமுகத்தில் நின்று வரும் கப்பலைப் பிடித்தால், மேலே பேசிய அந்த 10 நாள் விலக்கம் உங்கள் கணக்கில் ஏறுகிறது. வந்து இறங்கியபின் உள்ளூர்க் கட்டணங்கள் என்று ஒரு பில் வரும். அந்த ஏஜென்ட்டை நீங்கள் நியமிக்கவில்லை, அதனால் பேரமும் பேச முடியாது.

எவர் கிவன் கப்பல் 2021 மார்ச் 23 அன்று சூயஸில் குறுக்கே சிக்கி ஆறு நாளில் மீண்டது எல்லாருக்கும் தெரியும். அதன் பிறகு நடந்ததுதான் இறக்குமதியாளருக்குப் பாடம். இழப்பீட்டுப் பேச்சு முடியும்வரை, ஜூலை 7 வரை, 18,000க்கும் மேற்பட்ட கண்டெய்னர்களோடு கப்பல் எகிப்திலேயே நின்றது. கப்பல் உரிமையாளர் பொதுச் சராசரி அறிவித்தார். பழைய கடல் சட்டம் அது: கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவைக் கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்கள் எல்லாரும் மதிப்புக்கேற்பப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சரக்குக்கு ஒரு கீறல் விழாவிட்டாலும் உத்தரவாதம் கொடுத்தால்தான் கண்டெய்னர் கிடைக்கும். காப்பீடு இருந்தால் அந்த நிறுவனம் கடிதம் கொடுத்துவிடும். இல்லையென்றால் ரொக்க டெபாசிட். எஃப்.ஓ.பி.யில் வாங்கிவிட்டுக் காப்பீடு எடுக்காமல் விடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

டி.டி.பி.யில் எல்லாமே விற்பவர் பொறுப்பு, வீட்டு வாசலுக்கு வந்து சேரும். சாம்பிளுக்கும் சிறு பார்சலுக்கும் நல்லது. தொடர் வணிகத்தில் எச்சரிக்கை தேவை: இறக்குமதி ஆவணம் அவர் பெயரிலோ அவருடைய ஏஜென்ட் பெயரிலோ இருந்தால், கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக நீங்கள் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம். மதிப்பைக் குறைத்துக் காட்டினாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. விசாரணை வந்தால் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். எக்ஸ் ஒர்க்ஸ் இதற்கு நேர் எதிர்: அவர் நாட்டின் ஏற்றுமதிச் சுங்கம் வரை உங்கள் தலையில். அந்த நாட்டில் உங்களுக்கு ஆள் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

மாதாமாதம் கண்டெய்னர் வரவழைப்பவருக்கு என் தேர்வு எஃப்.சி.ஏ. கண்டெய்னரைத் துறைமுக முனையத்தில் ஒப்படைக்கும் இன்றைய முறைக்கு எஃப்.ஓ.பி.யைவிட அதுதான் பொருத்தம். ஏற்றுமதிச் சுங்கம் அவர், கப்பலும் காப்பீடும் நீங்கள். கப்பல் உங்கள் கையில் இருந்தால்தான் விலக்கமும் உங்கள் கையில்.

ஃபார்வர்டரா, சொந்த ஆட்களா?

இதில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை. நடுத்தர அளவில் இரண்டு ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பும் ஏற்பாடுகளைச் செய்து தரும் நிறுவனம்), நிறுவனத்துக்குள் ஆவணங்களைப் புரிந்தவர் ஒருவர் போதும். எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்து, டாஷ்போர்டில் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பல நாடுகளில் பல ஆலைகள் வைத்திருப்பவருக்குச் சரி. ஒரே ஒரு நிபந்தனை: சரக்கை ஒரே கப்பல் நிறுவனத்தில் குவிக்க விடாதீர்கள். 2016 ஆகஸ்ட் 31 அன்று தென்கொரியாவின் ஹன்ஜின் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டபோது, கட்டணம் வராது என்று பயந்து பல துறைமுகங்கள் அதன் கப்பல்களை உள்ளே விடவில்லை. சுமார் 1,400 கோடி டாலர் சரக்கு கடலில் நின்றது. வாடகை குறைவாகக் கேட்டது அந்த நிறுவனத்தின் பலம் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர்.

வாடகை ஒப்பந்தத்திலும் இதே கதைதான். டிரூரி என்ற கப்பல்துறை ஆலோசனை நிறுவனம் வெளியிடும், ஒரு நாற்பதடிக் கண்டெய்னருக்கான உலகச் சராசரி வாடகைக் குறியீடு 2019இல் 1,420 டாலர். 2021 செப்டம்பரில் 10,377 டாலர். அன்றன்றைய சந்தை விலையில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு மலிவான பாகத்தின் லாபம் முழுக்க அந்த ஓராண்டில் கரைந்தது. பாதிக்கு மேல் ஆண்டு ஒப்பந்தம், மிச்சம் சந்தை என்று வைப்பவர்களுக்கு நல்ல காலத்தில் கொஞ்சம் நஷ்டம், கெட்ட காலத்தில் தூக்கம் வரும்.

ஆக, மேசையில் இருக்கும் அந்த மூன்று கொட்டேஷனுக்கு என் வரிசை இது. நின்றால் லைனையே நிறுத்தும் பாகம், தேவையும் கணிக்க முடியாதது என்றால் பக்கத்து நாட்டுக்காரர், 12 சதவீதத்தைக் கேள்வி கேட்காமல் கொடுத்து. நின்றால் லைன் நிற்கும், ஆனால் தேவை சீரானது என்றால் தூரத்துக்காரருக்கு 70, பக்கத்துக்காரருக்கு 30, கீழடுக்கு வேறு வேறு என்று சரிபார்த்த பிறகு. மற்ற எல்லாவற்றுக்கும் தூரத்துக்காரர் ஒருவரே, ஆனால் கப்பல் நம் கையில், ஐந்து தேதிகளும் நம் ஷீட்டில்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று கண்டெய்னர்தான் வரும் என்றால் இதில் எதையும் செய்ய வேண்டாம். அதே பாகத்தை ஏற்கனவே இறக்குமதி செய்து வைத்திருக்கும் வியாபாரி யாராவது இருப்பார். அவர் பத்துப் பதினைந்து சதவீதம் கூடக் கேட்டாலும் வாங்கிக்கொள்ளலாம். அவரிடம் கேட்க வேண்டியது, குடோனில் இன்றைக்கு எத்தனை இருக்கிறது, அடுத்த சரக்கு எந்தக் கப்பலில் வருகிறது என்பது மட்டும்.